ஏற்காட்டுல மூணு ராத்திரி

— மூணு ராத்திரிக்கு ஒம்போதாயிரங்களா? ஏற்காடு பஸ் ஸ்டாண்டாண்ட லாட்ஜு ஆயிரத்தி எரநூறுதான்னாங்களே, தனகோடிண்ணே.

— லாட்ஜும் ரிசார்ட்டும் ஒண்ணா சின்னதுரை? இதே ரூம நீ நேராப் போய்க் கேட்டா ஒரு ராத்திரிக்கு ஆறாயிரத்தி ஐநூறு. மூணுக்கு பத்தொம்போதாயிரத்தி ஐநூறு. என் ஹாலிடே க்ளப் பாயிண்ட்ல போனா உனக்கு பத்தாயிரத்தி ஐநூறு லாபம். புரியுதா?

— அப்ப போவாம வூட்லயே படுத்துக்கினு இருந்தா மொத்தமும் லாபங்களாண்ணே?

— இப்படிப் பேசிப் பேசித்தான் பதினாலு வருசமா மைன்ஸ்ல காண்ட்ராக்ட் லேபராவே கெடக்குற. ஆறு வருசத்துக்கு முன்ன நான் இந்த க்ளப்புக்கு எவ்வளவு கட்டினேன் தெரியுமா? ரெண்டரை லட்சம். இருவத்தஞ்சு வருசத்துக்கு எங்க வேணா தங்கலாம்.

— எங்கெங்க போயிட்டு வந்தீங்க?

— ஒரு தடவ போனோம்.

— ஆறு வருசத்துலீங்களா?

— லீவு கெடைக்கறப்ப ரூம் கெடைக்காது. ரூம் கெடைக்கறப்ப ஷிஃப்ட் மாத்தித் தரமாட்டான். நான் என்ன பண்றது?

— அந்த வருசமெல்லாம் காசு கட்ட வேணாங்களா?

— பராமரிப்புன்னு வருசத்துக்குப் பதினாலாயிரம். போனாலும் கட்டணும், போவலன்னாலும் கட்டணும்.

— நீங்க போவாத ரூம யாருண்ணே பராமரிக்கறாங்க?

— உனக்கு பாயிண்ட் வேணுமா வேணாமா? மார்ச் முப்பத்தொண்ணோட செத்துப்போயிடும். நீ இல்லன்னா ஆயிரம் பேரு.

— ஆயிரம் பேருல நான் ஒருத்தன்தான வந்து நிக்கறேன். சரி, தப்பா நெனச்சுக்காதீங்க, போற வாரத்துல கேன்சல் ஆச்சுன்னா?

— பாயிண்ட் என் கணக்குக்குத் திரும்பி வந்துரும். கவலப்படாத.

— என் ஒம்போதாயிரம்?

— அதான் எங்கிட்ட பத்திரமா இருக்குமே.

— அப்ப பாதி இப்ப, பாதி போயிட்டு வந்து. அங்க நாஷ்டா ஆளுக்கு முன்னூத்தம்பது ரூவாயாம். விசாரிச்சிட்டேன். நாங்க வெளிய மெஸ்ஸுல பாத்துக்கறோம். ரூமு மட்டும் போதும்.

— இவ்வளவு கணக்கு பாக்குறவன் ஏன்டா ரிசார்ட்டுக்கு ஆசப்படுற? அந்த லாட்ஜுக்கே போயேன்.

— என் சம்சாரம் வள்ளியம்மா இந்த டவுன்ஷிப்புல எட்டு குவார்ட்டர்ஸ்ல பெட்ஷீட் மாத்துறாண்ணே. ஒரு மூணு நாளு அவளுது வேற யாராச்சும் மாத்தட்டும்னு பாத்தேன். லாட்ஜுல மாத்தமாட்டானாம்.

— ம்ம். சரி, பாதி பணத்த எடு. ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்க. பத்து நாளைக்கு முன்ன க்ளப்புக்கு ஒரு ஃபாரம் கையெழுத்துப் போட்டு உனக்கு ஜெராக்ஸ் குடுத்தேன்ல?

— 'உறவு முறை: உடன்பிறந்த தம்பி'ன்னு போட்டீங்களே, அதுங்களா?

— அதேதான். வாடகைக்கு விட்டது தெரிஞ்சா மெம்பர்ஷிப்ப மொடக்கிடுவான். ரத்த சொந்தம்னாதான் சும்மா விடுவான். அதுக்காக எழுதுனது. அது பேப்பரோட இருக்கணும். வெளிய பேசிக்கிட்டுத் திரியாத. ஊர்ல எங்க ஆளுங்க காதுல விழுந்துச்சுன்னா அவ்வளவுதான்.

— நாங்க காலனி, நீங்க ஊரு. எனக்குத் தெரியாதுங்களா? இத்தினி வருசத்துல உங்க வூட்டு கேட்டத் தாண்டி நான் உள்ள வந்துருக்கனா?

— அதச் சொல்லல. இரு, போன் அடிக்குது. ஐயோ, அவங்கதான். வெளிய நின்னு பேசுனா அக்கம்பக்கம் கேக்கும். நீயும் உள்ள வா. செருப்பக் கழட்டிட்டு வா. ஸ்பீக்கர்ல போடறேன், மூச்சு விடாத.

— ஹலோ, மிஸ்டர் தனகோடி சாருங்களா? ஹாலிடே க்ளப்லேருந்து தமயந்தி பேசறேன் சார். கெஸ்ட் வெரிஃபிகேஷன். இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது சார்.

— சொல்லும்மா.

— சின்னதுரைங்கறவர் உங்க சொந்தத் தம்பியா சார்?

— ஆமாம்மா. கூடப் பொறந்தவன்.

— பாயிண்ட வாடகைக்குக் குடுக்கலையே சார்? அவர்கிட்ட பணம் எதுவும் வாங்கினீங்களா?

— தம்பிகிட்ட யாராவது பணம் வாங்குவாங்களாம்மா?

— ஸ்வீட் சார். தம்பி ஃபேமிலில எத்தன பேர்?

— மூணு... இல்ல, அஞ்சு...

— நாலுண்ணே, நாலு.

— நாலும்மா.

— தம்பி வைஃப் பேரு சார்?

— அது வந்து... வூட்ல செல்லமா ஒண்ணு கூப்பிடுவோம்...

— சார், உங்களுக்கு உங்க தம்பி வைஃப் பேரு தெரியலையா?

— நான் சின்னதுரை பேசறேங்க. என் சம்சாரம் பேரு வள்ளியம்மாங்க. அண்ணன் அவள பேர் சொல்லிக் கூப்புட மாட்டாருங்க. கூச்சம்.

— ஓ, நீங்க பக்கத்துலயேதான் இருக்கீங்களா சார்? அப்ப உங்க அண்ணனப் பத்தி நீங்க சொல்லுங்க. டேட் ஆஃப் பர்த்?

— அஞ்சு ஆறு அறுவத்தெட்டுங்க. அது ஸ்கூல்ல குடுத்தது. நெசத்துல ஆவணில பொறந்தாரு. மைன்ஸ்ல அவரு ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் நான்தாங்க எழுதுவேன். சர்க்கரைக்குக் காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மாத்திர. கத்திரிக்கா ஆவாது, ஒடம்பு அரிக்கும். போன மழைல கன்வேயர் பெல்ட்டுக்கிட்ட வழுக்கி வுழுந்து எடது முட்டில அடி, இன்னும் நொண்டறாரு. பெரிய பையன் நிலவன் கோயமுத்தூர்ல படிக்கறான், ரெண்டு பேப்பர் அரியர். அத வூட்ல சொல்லல.

— டேய், அரியரா? எனக்கே தெரியாதே!

— போதும் சார், சூப்பர். இந்த மாதிரி பிரதர்ஸ இப்பல்லாம் பாக்க முடியாது. ஒரே ஒரு ஃபார்மாலிட்டி. ரெண்டு பேருக்கும் இனிஷியல் வேறயா இருக்கு. அதனால உறவுக்கு ஒரு ப்ரூஃப் வேணும்.

— ப்ரூஃபா? அதெல்லாம் எதுக்கும்மா? நான் வேற நாளைக்கு...

— இன்னிக்குள்ள வரலன்னா புக்கிங் தானா கேன்சல் ஆயிடும் சார், மெம்பர்ஷிப்பும் ரிவ்யூவுக்குப் போயிடும். பெருசா வேணாம். ரெண்டு பேர் பேரும் சொந்தம்னு போட்ட ஒரு விசேஷப் பத்திரிகை போதும். வாட்ஸ்அப் பண்ணுங்க, நான் லைன்ல இருக்கேன்.

— போச்சுடா. ரெண்டரை லட்சமும் போச்சு. பத்திரிகைக்கு எங்கடா போறது?

— இருங்கண்ணே, பதறாதீங்க. எங்கிட்ட ஒண்ணு இருக்கு. அனுப்பிட்டேன். மேடம், வந்துச்சுங்களா?

— வந்துருச்சு சார். 'சின்னதுரை - வள்ளியம்மா மகள் செல்வி தமிழ்மொழி, மஞ்சள் நீராட்டு விழா. தங்கள் நல்வரவை நாடும் பெரியப்பா திரு. தனகோடி, பர்மனென்ட், மைன்ஸ் டூ.' பர்ஃபெக்ட். வெரிஃபை பண்ணிட்டேன். ஏற்காடு கன்ஃபர்ம். பொண்ணுக்கு என்னோட வாழ்த்தும் சொல்லிடுங்க, பெரியப்பா சார். தேங்க்யூ.

— வச்சுட்டா. சின்னதுரை, எங்க காட்டு அத. இது எப்ப அடிச்ச?

— நீங்க ஃபாரத்துல கையெழுத்துப் போட்ட அன்னிக்கே சாயங்காலம். ஞாயித்துக்கெழம விசேஷம். என் கூட யாரும் பொறக்கலண்ணே. பெரியப்பான்னு போட வேண்டிய எடம் காலியா கெடந்துச்சு.

— பேருக்குப் பின்னாடி பர்மனென்ட்னு வேற!

— ஒரு கௌரவமா இருக்கட்டும்னுதாண்ணே.

— எத்தன பத்திரிகை?

— முன்னூறு.

— யார் யாருக்குடா குடுத்த? உண்மையச் சொல்லு.

— எங்க காலனி ஆளுங்களுக்கு மட்டுந்தாண்ணே. சத்தியமா. உங்க ஆளுங்க ஒருத்தருக்குக்கூட ஒரு பத்திரிகை குடுக்கல.

— அப்பாடா. வயித்துல பால வார்த்த.

— அவங்களுக்குத் தனித்தனியா எதுக்குண்ணே, அதான் நீங்க ஹெல்மெட்டோட நிக்கற போட்டோவ பெருசாப் போட்டு நம்ம ஊரு கம்மாபுரம் பஸ் ஸ்டாப்புல பேனர் கட்டியாச்சே.