ஓரத்தில் நின்ற மாமியார்

அக்காவின் மாமியார் வீட்டு டிவி இருபத்தொரு அங்குலமா இருபத்தொன்பதா என்பது எனக்கு இப்போது உறுதியாக நினைவில்லை. அதன் மேல் ஒரு பின்னல் விரிப்பும் விரிப்பின்மேல் ஒரு மாதா சொரூபமும் இருந்தன. வேளாங்கண்ணி மாதாவா லூர்து மாதாவா என்று கேட்டால் தடுமாறுவேன். பத்து வருடம் ஆகிவிட்டது. நடந்ததை எழுதித் தரும்படி பங்குத்தந்தை கேட்டதால் எழுதுகிறேன். விவரங்களில் பிழை இருக்கலாம். நோக்கத்தில் பிழை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கிறிஸ்துதாஸ். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் தசரதன் அண்ணனின் ஸ்டுடியோவில் வேலை செய்தேன். கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டரில் வெட்டி, பாட்டுச் சேர்த்து, டிவிடி போட்டுத் தருவது என் பொறுப்பு. தண்டலத்தில் நானும் அக்கா ஜெர்சியும் மட்டும் இருந்தோம். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்றாள். ஷிப்ட் முடிந்து வந்தால் சமைப்பாள். நான் ஒரு பக்கம் புத்தகம் படிப்பேன், அவள் ஒரு பக்கம் வெங்காயம் உரிப்பாள். மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை பேச மாட்டோம். அதைத்தான் நான் குடும்பம் என்று நினைத்திருந்தேன்.

பிறகு அக்காவைப் பெண் கேட்டு ரிச்சர்ட் வந்தார். குன்றத்தூர்க்காரர். ஒரகடம் பக்கம் டிவி செய்யும் கம்பெனியில் வேலை. பெட்டிக்குள் ரிமோட்டை வைத்து மூடுகிற வேலை என்று யாரோ சொன்னார்கள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

அவருடைய அம்மா சூசையம்மாள் நல்லவர். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. அவர் வழியாகச் செய்வதுதான் சுலபமாக இருந்தது, அவ்வளவே.

இங்கே தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் திரை படத்தை முழுதாகக் காட்டும். பழைய குண்டு டிவி அப்படிக் காட்டாது. நான்கு பக்கமும் ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். அதனால் டிவிடி போடும்போது படத்தைச் சற்றுச் சுருக்கி, சுற்றிலும் கறுப்பாக இடம் விடுவோம். டிவி அந்தக் கறுப்பைத் தின்றுவிட்டு, படத்தை விட்டுவிடும். இது தெரியாத காலத்தில், ஒரு ஞானஸ்நான வீடியோவில் ஞானத்தாயின் பாதி முகத்தை டிவிக்குக் கொடுத்துவிட்டுப் பல நாள் வசவு வாங்கினேன். அதன்பிறகு யாருக்கும் ஓரம் விடாமல் டிவிடி கொடுத்ததில்லை. அக்காவின் கல்யாணத்துக்கு மட்டும் விடவில்லை. படத்தை ஒரு சுற்றுப் பெரிதாக்கி, ஒவ்வொரு காட்சியையும் தனித்தனியாக நகர்த்தினேன். சூசையம்மாள் எல்லாக் காட்சியிலும் இருந்தார். சரியாக ஓரத்தில் இருந்தார்.

இதற்கு இருபத்தாறு நாள் ஆனது. என் வேலையில் நான் இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டது வேறு எதற்கும் இல்லை.

என் எதிர்பார்ப்பு பெரிதல்ல. மாமியாருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். பிறந்த வீட்டில் இருப்பது நான்தான். நான் அவர்களைப் பிரிக்க நினைத்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அது அபாண்டம். இரண்டு மூன்று வருடம் போதும் என்றுதான் நினைத்தேன்.

டிவிடியை வாங்க சூசையம்மாள் தானே ஸ்டுடியோவுக்கு வந்தார். கம்ப்யூட்டரில் முழுவதும் போட்டுக் காட்டினேன்.

"நான் நல்லா கீறேனா தம்பி?"

"எல்லாத்துலயும் இருக்கீங்க அத்தை."

அது பொய்யில்லை.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து தெருப் பெண்களையெல்லாம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், டீயும் கேக்கும் கொடுத்து டிவியில் போட்டிருக்கிறார். ரிச்சர்டுக்கு அன்று கம்பெனியில் ஓ.டி. வேலை. அக்கா பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

"இன்னா சூசையம்மா, உன்னிய எங்கியும் காணோம்?"

"இரு, இப்போ வருவேன்."

கோயில் வாசல் வந்தது. அவர் வரவில்லை. தாலி கட்டினார்கள். அவருடைய புடவையின் முந்தானை மட்டும் வந்தது. கடைசியில் அம்மா மகனுக்கு நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கும் இடம். திரையின் ஓரத்திலிருந்து ஒரு கட்டைவிரல் மட்டும் நீண்டு வந்து, சிலுவை போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"யாரு வெரலுடி இது?"

"என்னுதுதான்."

"வெரலு வந்துகீது, நீ வரலியா?"

அவர்களில் ஒருத்தி டீ புரையேறும்வரை சிரித்தாளாம். சாயங்காலமே சூசையம்மாள் அக்காவின் பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டார். "உன் தம்பிக்கு நான் ஆகாதவளா பூட்டேன்ல, அவங்கிட்டயே போய் இரு" என்றாராம்.

அக்கா பதினோரு நாள் தண்டலத்தில் இருந்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு மூன்று முறை வைத்தாள். சில சமயம் அழுதாள். ஆனால் சத்தமில்லாமல் அழுதாள். அதனால் எனக்குப் படிப்பதில் இடைஞ்சல் இல்லை.

பன்னிரண்டாம் நாள் ரிச்சர்ட் அம்மாவையும் டிவிடியையும் எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். தசரதன் அண்ணன் தன் கடையின் மானம் போகிறது என்று, நான் தடுப்பதற்குள் டிவிடியைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டார். சூசையம்மாள் எல்லாக் காட்சியிலும் இருந்தார்.

"அம்மா, இதோ நீதானே?" என்றார் ரிச்சர்ட்.

"நான்தான்."

"அப்புறம் இன்னாத்துக்கு எங்க வூட்டுப் பொண்ண தொரத்தினீங்க?" என்றார் தசரதன் அண்ணன். யார் கேட்டார் அவரை.

சூசையம்மாள் அங்கிருந்து நேரே தண்டலம் போனார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, அன்றே கையோடு கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குப் போய் டிவியில் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். கட்டைவிரல்தான் வந்தது. கம்ப்யூட்டரில் பார்த்ததையே நம்பிய ரிச்சர்ட், டிவியில் போட்டுப் பார்க்காமலே அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணில் ஒன்றும் இல்லை. ஜெபக்குழு வந்து டிவியின்மேல் கைகளை வைத்து ஒரு மணி நேரம் மன்றாடியது. அந்த டிவிடியை இனிப் போடவே கூடாது என்று சொல்லி, டிவியின்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டுப் போனார்கள். அதன்பிறகு சூசையம்மாள் வெளியே போவதை விட்டுவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள அக்கா வேலையை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூட தண்டலம் வர நேரமில்லை என்றாள். இது நான் எதிர்பார்க்காதது.

ஒருநாள் பார்க்கப் போனேன். சூசையம்மாள் இளைத்திருந்தார். அக்கா அடுக்களையில் இருந்த நேரம் பார்த்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"தம்பி, நீ பொய் சொல்ல மாட்டே. நான் கல்யாணத்துக்கு வந்தனா?"

நான் அடுக்களைப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டேன். 

"வந்தீங்கன்னுதான் எல்லாரும் சொல்றாங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவரை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். பயந்தவரைவிடக் கோபப்பட்டவர்தான் எனக்குத் தேவையாக இருந்தார். கோபம் திரும்பி வரும் என்று காத்திருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு ரிச்சர்ட் தன் கம்பெனியிலிருந்தே தட்டை டிவி ஒன்று வாங்கி வந்தார். அக்கா ஆசைப்பட்டு, யாருக்கும் சொல்லாமல் கல்யாண டிவிடியைப் போட்டிருக்கிறாள். அதிலும் கட்டைவிரல்தான். ரிச்சர்ட் அதை அன்றுதான் முதன்முதலாகத் தன் கண்ணால் பார்த்தார். ரிமோட்டை எடுத்து, எதையோ அமுக்கினார். படம் சற்றுச் சுருங்கி, நான்கு ஓரமும் திரைக்குள் வந்தது. அம்மா வந்தார். மறுபடி அமுக்கினார். அம்மா போனார். ரிச்சர்டின் வேலை பெட்டிக்குள் ரிமோட் வைப்பதல்ல. ஒவ்வொரு டிவியும் ஓரத்தை எவ்வளவு வெட்டுகிறது என்று சோதிப்பதுதான் அவருடைய வேலை. எட்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

சூசையம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தபா அமுக்குடா" என்றாராம். நாற்பது தடவையாவது அமுக்கச் சொன்னாராம்.

மறுநாள் அக்கா தனியாக தண்டலம் வந்தாள். உட்காரவில்லை.

"ஏன்டா செஞ்சே?"

"நீ வந்துடுவேன்னு."

"ஒரு போன் போட்டிருந்தா வந்து கொழம்பு வெச்சுட்டுப் போயிருப்பேனேடா. குன்றத்தூர் இன்னா துபாய்லயா கீது?"

அது எனக்குத் தோன்றவே இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அவள் வாசலில் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு போய்விட்டாள். ஆம், நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். காட்சி காட்சியாகச் செய்தேன்.

ரிச்சர்ட் இப்போது சூப்பர்வைசர். சூசையம்மாள் நன்றாக இருக்கிறார். யார் போட்டோ எடுத்தாலும் நடுவில் போய் நிற்கிறார் என்று கேள்வி. தசரதன் அண்ணன் ஸ்டுடியோவை மூடிவிட்டு அதே இடத்தில் செல்போன் கவர் விற்கிறார். அக்காவுக்கு எட்டு வயதில் ஷாலின் என்று ஒரு மகள் இருக்கிறாள். அடுத்த மாதம் அவள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. நான் மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். அக்கா பத்து வருடமாக என்னோடு பேசவில்லை. அந்த வீட்டில் அவளைப் பேச விடுவதில்லை போலிருக்கிறது.