நட்சத்திரத்தை மறைக்கிற வேலை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காளும் தங்கையும். இருட்டத் தொடங்கியிருந்தது.

“நட்சத்திரத்த மறைக்கறதுதான்க்கா என் வேலை” என்றாள் தங்கை.

“அத்த மறைக்கறதுக்கா சம்பளம் தர்றாங்க? ஊர்ல கேக்கறவங்களுக்கு நான் இன்னாடி சொல்றது?”

“நட்சத்திரத்து பக்கத்துல நம்ம பூமி மாரி கிரகம் இருக்கலாம்க்கா. வெளிச்சத்துல அது தெரியாது. அதுக்குத்தான் விண்வெளிக்கு அனுப்பப்போற டெலஸ்கோப்புல நட்சத்திரத்த மட்டும் மறைக்கறாப்ல ஒரு தடுப்பு வெக்கிறோம். அப்பதான் கிரகத்த போட்டோ புடிக்க முடியும்.”

“ஒண்ணும் புரில. கம்ப்யூட்டர் வேலைன்னே சொல்லிக்கினு கீறேன், அதுவே இருக்கட்டும்.”

மாகறலில் இருவரும் இறங்கி என் ஜன்னலுக்குக் கீழே நின்றார்கள். எதிரே நின்ற பைக்கின் ஹெட்லைட் கண்ணைக் கூச வைத்தது. அக்கா உள்ளங்கையை நீட்டி அந்த வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தாள்.

“உங்க மாமாதான்டி. ஐய, பின்னால பாப்பாவும் குந்திக்கினு கீது! உன்ன பாக்கத்தான் வந்துகீது.”

“இதேதான்க்கா என் வேலை.”

அக்கா நீட்டிய கையை இறக்காமலே திரும்பினாள்.

“இதுக்காடி அமெரிக்கா வரைக்கும் போன?”