சிம் இல்லாத வாசிப்பு மிஷின்

கம்பத்திலிருந்து தேனி போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள்.

“புத்தகத்துக்கு வைஃபை கேக்குது, மதினி” என்றாள் இளையவள்.

“என்னத்தா சொல்ற?”

“மலைத் தோட்டத்து வேலையில தனியா கெடக்காகளேன்னு உங்க தம்பிக்குப் புத்தகம் வாசிக்கிற மிஷின் வாங்கிக் குடுத்தேன். புதுப் புத்தகம் ஏத்தணும்னா நம்ம வீட்டு வைஃபைக்குத்தான் வரணும். அங்கன அவுககிட்ட இருக்கது பட்டன் போனு.”

“சிம் போட்ட மிஷின் கெடைக்கலயா?”

“அதையும் காட்டுனாக. அதுல இருந்த எடத்துலயே புத்தகம் எறங்குமாம். ஆனா நெறையப் பேரு வைஃபை மட்டும் உள்ளதத்தான் வாங்குறாகளாம்.”

“அதுக்காக நீயும் அதையே வாங்குனியாக்கும்?”

இளையவள் குரலைத் தணித்தாள். “மாசத்துக்கு ஒருக்க வந்த மனுசன், இப்ப வாராவாரம் வாராக. சிம் போட்டது இருக்குன்னு சொல்லிறாதீக.”

“நான் ஏன் சொல்றேன்? இப்பத்தான் அவன் என் வீட்டுக்கும் எட்டிப் பாக்குறான்.”