பதினோராவது நிமிட மௌனம்

– நிறுத்துங்க மாஸ்டரம்மா! இது என் இசையே இல்ல. ரெண்டு ஃபைல்ல தப்பானதை அனுப்பிட்டேன்னு தலை தலையா அடிச்சுக்கிறேன்.

– ஆறு வாரமா இதுக்குத்தான் ஆடுறோம் தம்பி. நீங்க வெளியூர் நாடகத்துல உக்காந்துக்கிட்டு, நாளைக்கு முதல் காட்சின்னா இன்னைக்கு வந்து இல்லங்கிறீங்க.

– இது குறட்டைங்க!

– எனக்கென்ன காது செவிடா? மூச்சு உள்ள போறப்ப காலைத் தூக்கணும், வெளிய வர்றப்ப விழணும். அஞ்சு ஆறு ஏழு எட்டுன்னு எண்ணுற வேலையே இல்ல. பதினோராவது நிமிஷம் ஒரு மௌனம் வருது பாருங்க, பன்னெண்டு பேரும் ஒத்தக்கால்ல! மறுபடி மூச்சு வருமா வராதான்னு நானே நாற்காலி நுனிக்கு வந்துடுறேன்.

– அய்யோ, என் இசையில அங்கதான் முரசு நுழையும். இருபது வருஷம் மாஸ்டரம்மா! கதவு சாத்துற சத்தம் கேக்கலைன்னு நாடகத்துல என் வயலினை வெட்டினாங்க. ஆடுறவங்களுக்கு மூச்சு வாங்குதுன்னு நீங்க பாதிப் பாட்டை வெட்டினீங்க. இது ஒண்ணாவது மேடையில முழுசா ஓடணும்னு மூணு வருஷம் எழுதினேன்.

– நீங்க கொண்டாந்ததைக் காலையில போட்டுத்தானே பார்த்தோம்? நாலு பேர் முட்டிக்கிட்டு விழுந்தாங்க. ஒருத்திக்குக் கணுக்கால் பூசணிக்காயாட்டம் வீங்கிக் கிடக்கு.

– பழகினா சரியாயிடும்...

– இங்க பாருங்க கண்ணு. விழாக்காரங்க ஒத்திகை பார்த்துட்டு அழுது மூக்கைச் சிந்தினாங்க. எட்டு ஊருக்குக் கூப்பிடுறாங்க. ஒரே நிபந்தனை, இசை நேரடியா இருக்கணுமாம். மேடையில கட்டில் போட்டாச்சு. நீங்க வந்து படுத்தாப் போதும்.

– நானா?

– உங்க குறட்டைக்கு நானா படுக்க முடியும்?

– நான் குறட்டையே விடமாட்டேங்க. அது என் வீட்டுக்காரி.

– அடப்பாவி! அவங்க குறட்டையை எதுக்குய்யா பதிவு பண்ணினீங்க?

– எதை எழுதினாலும் முதல்ல அவளுக்கு ஹெட்ஃபோன் மாட்டிப் போட்டுக் காட்டுவேன். பக்கத்துல மைக் வச்சு அவ சொல்றதைப் பதிஞ்சுக்குவேன். கல்யாணமான நாள்லேர்ந்து அதான் வழக்கம்.

– அப்ப இந்த நாப்பது நிமிஷமும்...

– என் இசையைப் பத்தி அவ சொன்ன கருத்து.

– போகட்டும். நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வந்துடுங்க. கூட்டத்துக்கு நடுவுல தூங்கிடுவாங்களா?

– என் இசையைக் காதுல மாட்டிவிட்டா இடி விழுந்தாலும் தூங்குவா.

– அந்தப் பதினோராவது நிமிஷம்? மௌனம் சரியா வருமா?

– முரசு காதுல விழுந்தாத்தானே அவளுக்கு மூச்சு நிக்கும்?

– அப்படின்னா... உங்க இசை ஓடியே ஆகணுமா தம்பி?

– முழுசா ஓடணும் மாஸ்டரம்மா. ஒரு நிமிஷம் வெட்டினீங்கன்னாலும் எழுந்து உக்காந்துக்குவா.