இடது முன்சக்கரத்து நட்டு

அந்த ஸ்பேனரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்கள் இன்ஸ்பெக்டர் சார். வியர்த்துத் துருப்பிடித்துவிடும். லேசாக எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்.

என் பெயர் அசரியா. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்னால் வீடு. பொன்னுரங்கத்தின் மோரிஸ் மைனர் காரை இருபத்திரண்டு வருடம் பார்த்துக்கொண்டவன் நான்தான். பழைய இங்கிலீஷ் கார்களின் நட்டுகள் அங்குல அளவில் செய்தவை. இன்றைய மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று நுழையாது. அடுத்த அளவைப் போட்டால் வழுக்கி முனையைத் தின்றுவிடும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை சரியான செட் என் ஒருவனிடம்தான் இருந்தது. ஆஸ்திரேலியா போன ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் விற்றுவிட்டுப் போனது. இரவல் கேட்டவர்கள் உண்டு. கொடுத்ததில்லை. ஸ்பேனர் வேண்டுமென்றால் நானும் கூட வருவேன்.

பொன்னுரங்கம் வீட்டு ஆயுத பூஜைக்கு வருடா வருடம் என் ஸ்பேனர் பைதான் போகும். நான் துடைத்துக் கொடுப்பேன், அவர் வரிசையாக அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பார். மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது. "சர்ச்சுல முன்பெஞ்சுல உக்கார்றவரோட சாமானுக்குக் குங்குமமா?" என்று என் மனைவி சாராள் முணுமுணுப்பாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்ல வந்தபிறகு அதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

இந்த வருடம் அவருடைய மகள் அனுப்பிரியா இங்கிலாந்திலிருந்து ஒரு முழு செட் வரவழைத்தாள். ஸ்பேனர்கள், சக்கரத்தின் நடுப்பாகத்தை இழுத்தெடுக்கும் புல்லர், இடைவெளி அளக்கும் தகடுகள், எல்லாம் ஒரே பெட்டியில். வீடியோ பார்த்தே வேலையும் கற்றுக்கொண்டாள். கெட்டிக்காரி. அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது நான். ஆறு மாதம் அந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு போன் வரவில்லை. பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது.

"இந்த வருசம் பையத் தூக்கினு வராதீங்க சார். நம்மகிட்டயே எல்லாம் கீது. நீங்க சும்மா வந்து பொரி சாப்ட்டுப் போங்க."

பொன்னுரங்கம் அன்பாகத்தான் சொன்னார். குழம்பு இறக்கியபின் கறிவேப்பிலையை எடுத்துப் போடுவது ஊர் வழக்கம்தான். ஆனால் கறிவேப்பிலையைக் கூப்பிட்டுப் பொரி கொடுப்பதில்லை.

ஆனாலும் போனேன். ஜிப்பாப் பையில் ஒரே ஒரு ஸ்பேனரையும் ஒரு குறடையும் வைத்துக்கொண்டு போனேன். கற்பூரம் காட்டியதும் பொரி கொடுக்க எல்லோரும் பக்கத்து வீடுகளுக்குக் கிளம்பினார்கள். "வண்டிகிட்ட யாரும் வராம பாத்துக்குங்க சார்" என்று பொன்னுரங்கம் என்னை உட்காரவைத்துவிட்டுப் போனார். இடது முன்சக்கரத்து மூடியைக் கழற்றினேன். நடு நட்டு கழலாமல் குறுக்கே ஒரு பின் செருகியிருக்கும். அதை உருவி, நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். மூடியைப் போட்டு, சந்தனப் பொட்டு கலையாமல் துடைத்தேன். பத்து நிமிட வேலை.

கொல்ல நினைக்கவில்லை சார். சத்தம் வரும், கூப்பிடுவார்கள், பையோடு போய் நிற்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

வண்டலூர் தாண்டிச் சாலையோரத்தில் உங்கள் ஆள் பொறுக்கிய அந்த நட்டில் ஒரு கீறல்கூட இல்லை என்கிறீர்கள். இருக்காது. சாதா ரெஞ்சு போட்டிருந்தால் ஊரில் உள்ள ஆயிரம் மெக்கானிக்கில் ஒருவன் என்று போயிருக்கும். அப்படி முனையைத் தேய்த்து வேலை செய்ய எனக்குக் கை வராது. அவர்கள் பெட்டியிலிருந்த ஸ்பேனரின் வாயில் குங்குமம் அப்படியே இருந்தது. ஆகவே மிச்சம் நான்.

விஜயதசமி காலையில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கிளம்பினார்கள். அனுப்பிரியா ஓட்டினாள். நான் வீட்டில் பையைத் தயாராக வைத்து, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெருங்களத்தூர் தாண்டியதும் பொன்னுரங்கம் கூப்பிட்டார்.

"சார், இடது பக்கம் முன்னாடி கடகடன்னு ஒரு சத்தம் வருது. இன்னா சார் அது?"

"ஓரமா நிறுத்துங்க, நான் வர்றேன்" என்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"நீங்க எதுக்கு சார் இந்த வயசுல அலைஞ்சுகினு. டூல்ஸ் டிக்கியிலயே கீது, பாப்பாவே பாத்துக்கும். இன்னான்னு மட்டும் சொல்லுங்க."

கையில் எடுத்த பையைத் திரும்பக் கீழே வைத்தேன். அவர் "ஹலோ, ஹலோ" என்றார்.

"புது கிரீஸ் சார், செட் ஆகலை. நிறுத்த வேணாம். கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்க, சரியாயிடும்" என்றேன்.

"அப்பாடா, பயந்தே பூட்டேன். நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார்.

ஏழு நிமிடம் கழித்துச் சக்கரம் தனியாகப் போயிற்று. நின்றிருந்த லாரியில் காரின் இடது பக்கம் மோதியது. அந்தப் பக்கம் அவர் இருந்தார். அப்பா இறந்தது ஆஸ்பத்திரியில் கிடக்கும் அனுப்பிரியாவுக்கு இன்னும் தெரியாது என்கிறீர்கள். பாவம்தான்.

ஆனால் ஒன்று சார். அத்தனை டூல்ஸையும் டிக்கியில் வைத்துக்கொண்டு, கடைசியில் அவர் என்னைத்தான் கேட்டார்.