ஒலிப்பதிவுகளை அழிக்க மறுத்தவருக்கு

புலம்பெயர் மண்ணாம் ரெய்னர்ஸ் லேனில் ஒலிக்கும் வெளிச்சம் வானொலியின் வெண்கலக் குரலோனே! வாரந்தவறாமல் அமெரிக்க அரசியலை அலசி, இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் செவிகளை ஆண்ட செம்மலே! இன்று ஓய்வு காணும் எங்கள் கனகலிங்கம் அண்ணையே! வணக்கம்.

தோற்றவர் வென்றவரைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தும் நாடு ஒன்று உண்டென்று, தேர்தல் என்றாலே ஊரடங்கை நினைக்கும் எங்களுக்கு ஆசை ஆசையாய்ச் சொன்னவர் நீங்கள். அந்த நாட்டிலேயே தோல்வியை ஒப்புக்கொள்ளாத கூட்டம் நாடாளுமன்றக் கண்ணாடிகளை உடைத்தபோது, "நான் கூடுதலாப் புளுகிப்போட்டன், மன்னியுங்கோ" என்று நேரலையில் பிழை திருத்தியவரும் நீங்களே!

அன்றிலிருந்து உங்கள் சொல்லில் சூடு தணியவில்லை. நீதிபதியை மிரட்டுவதும், நிருபரை விரட்டுவதும், வேலைக்குப் போனவரை முகமூடிக்காரர் வழிமறித்து அள்ளிச் செல்வதும் எந்த நாட்டில் நடந்தாலும் அநியாயம்தான் என்று அடித்துச் சொன்னீர்கள். ஊரில் உறவுகளைப் பறிகொடுத்த நமக்கு முகமூடிக்காரர் புதியவர்களா என்ன!

ஒஹாயோவில் வாழும் உங்கள் மகள் மேனுஷா இந்த ஆண்டுதான் தொலைபேசியில் குரலைத் தாழ்த்தத் தொடங்கினார். "அப்பா, விசா குடுக்கேக்க முந்திப் பேசினதெல்லாம் தேடிப் பாப்பினமாம். பழைய நிகழ்ச்சியளை அழிச்சுவிடுங்கோ" என்றார். அங்கே பிறந்த பேத்தியை நீங்கள் இன்னும் கையில் ஏந்தவில்லை; போய்ப் பார்க்க விசா வேண்டும். வெட்கத்தோடு சொல்கிறோம், நாங்களும் அதையேதான் சொன்னோம். எங்கள் உறவுகளும் அங்கே இருக்கிறார்களே என்று, அழிப்பதற்குக் கணினி முன் அமர்ந்தும் விட்டோம்.

"ஒண்டையும் அழிக்கக் கூடாது. பயந்து கதைக்கிறதெண்டா நான் ஊரிலேயே இருந்திருப்பன்!" என்றீர்கள். கதவை அடித்துச் சாத்திவிட்டு மூன்று நாள் எங்களோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

நாலாம் நாள் மேனுஷா மறுபடி அழைத்தார். வரும் தேர்தலில் தம் ஊர் வாக்குச்சாவடியில் பணியாற்றப் பெயர் கொடுத்துவிட்டாராம். "நீங்க சொன்ன அமெரிக்கா இஞ்ச இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு, அப்பா. நாங்கள்தான் காப்பாத்தவேணும்" என்று உரக்கவே சொன்னாராம். அதை உங்கள் வெண்கலக் குரலில் நேயர்களுக்கு இரண்டு தரம் சொன்னீர்கள்.

பெருந்தகையே! பேத்தி உங்கள் மடியேறும் நாள் விரைவில் வருக! அதற்கப்பாலும் நோயின்றி, நெஞ்சுரம் குன்றாமல் நீடு வாழ்க!

இம்மடலின் அடியில் 'நிலையத்தார்' என்று மட்டும் போடுவதே பாதுகாப்பு என்று முதலில் எண்ணினோம். எங்களில், அடுத்த மாதம் அமெரிக்க விசாவுக்கு நேர்காணல் இருக்கும் சேகர்தான் பேனையை முதலில் வாங்கி, முழுப்பெயரை எழுதினார்.

சேகர் வெங்கடாசலம்
கலாவதி தவராசா
கௌசி அருளானந்தம்
நிருஜன் செல்வநாயகம்