நாற்பத்தொரு காவிக் கிண்ணங்கள்

முப்பத்தொரு ஆண்டுகள் நகரப் பேருந்தில் விசில் ஊதியே நம்மையெல்லாம் வீடு சேர்த்தவரும், இன்று இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருப்பவருமான ஓய்வுபெற்ற நடத்துநர் அண்ணன் உக்கிரபாண்டி அவர்களே. உலை வைத்த அடுப்பை அணைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கிற தாய்மார்களே. முழங்கால் வலியைச் சொல்லிச் சொல்லியே முன்வரிசையைப் பிடித்துவிட்ட பெரியோர்களே. சிம்மக்கல்லில் மூட்டை இறக்கிய அலுப்போடு வந்திருக்கிற தோழர்களே. உட்கார மாட்டோம், நின்றுதான் கேட்போம் என்று டீக்கடை வாசலில் முடிவெடுத்துவிட்ட தம்பிமார்களே. மூன்றாம் வரிசையில் கறுப்புக் கண்ணாடி அணிந்து அமர்ந்திருக்கிற சகோதரி மெஹருன்னிசா அவர்களே: உங்கள் அத்தனை பேரையும் வணங்குகிறேன்.

பத்திரிகைக்காரன் நான்; செய்தியைத் தலையிலிருந்து சொல்லித்தான் எனக்குப் பழக்கம். ஆகவே முதலில் செய்தி.

இன்று காலை பத்தே முக்கால் மணி நிலவரப்படி, நம் பகுதி நகர்ப்புற சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் அக்கி கண்டவர்கள் நாற்பத்தேழு பேர். ஐப்பசிக் கடைசியிலிருந்து இந்த மாசி வரைக்குமான எண்ணிக்கை இது. எல்லோரும் வயது வந்தவர்கள். அவர்களில் முப்பத்தாறு பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். தகவல் தந்தவர், அந்தப் பதிவேட்டை எழுதுகிற செவிலியர் கனகா. வாயால் சொன்னதோடு விடாமல் ஏட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். வரி வரியாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

நாற்பத்தேழு. இது பெரிய எண்ணா, சிறிய எண்ணா? அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், இதற்கு முந்தைய எண் என்ன என்று கேட்க வேண்டும். அதைக் கேட்டால் சிரிப்பீர்கள். முந்தைய எண் பூஜ்யம்.

போன ஆடி மாதம், நம் பகுதியில் பெரியவர்களுக்கு வரும் அக்கியைக் கண்காணித்து எழுத வேண்டும் என்று சுகாதார நிலையத்துக்கு உத்தரவு வந்தது. கனகா படிவத்தைக் கையில் எடுத்தார். வீடு வீடாகப் படியேறினார். முதல் வாரம் பூஜ்யம். இரண்டாம் வாரம் பூஜ்யம். ஆடி போனது, ஆவணி போனது, புரட்டாசியும் போனது. பன்னிரண்டு வாரங்கள், பன்னிரண்டு பூஜ்யங்கள். பூஜ்யம் எழுதுகிற ஊருக்கு யாராவது மருந்து அனுப்புவார்களா? அனுப்பவில்லை. அக்கிக்கான மாத்திரை அந்த நிலையத்தின் அலமாரியில் ஒரு அட்டைகூட இல்லை.

அப்படியானால் நம் தெருவில் யாருக்கும் அக்கி வரவில்லையா? உங்கள் மனசாட்சியைக் கேளுங்கள். சின்ன வயதில் சின்னம்மை கண்டவர்களின் உடம்பில் அந்தக் கிருமி நரம்புக்குள் ஒளிந்துகொள்கிறது. வயது ஏறி, உடம்பின் எதிர்ப்பு இறங்கும்போது, ஒரு பக்கமாய், ஒரு பட்டையாய்க் கொப்புளித்து வெளியே வருகிறது. சட்டை பட்டால் எரிகிறது. காற்று பட்டால் காந்துகிறது. கட்டிலில் சாய்ந்தால் ஆயிரம் ஊசி. இதை அனுபவித்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது… போதும், இறக்குங்கள். அண்ணன் உக்கிரபாண்டியும் தூக்குகிறார். அண்ணே, கனகா உங்கள் வீட்டுக்கு வந்தபோது என்ன சொன்னீர்கள்? “ஒண்ணுமில்லன்னுதான் சொன்னேன், மறைப்பானேன்” என்கிறார். தலைவரே இப்படி என்றால் தொண்டர்களை நான் என்ன சொல்ல?

இந்த மர்மம் அவிழ்ந்த இடம் சிம்மக்கல்லில் ஒரு டீக்கடை. ஐப்பசி மாதம், காலை ஏழு மணி. மொத்தக் கடையில் சுமை தூக்குகிற சின்னான் என் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. சட்டையைத் தோளில் போட்டிருந்தார். திரும்பினார். முதுகில், செக்கச் செவேலென்று காவியில், வாலைத் தூக்கி நிற்கிறது ஒரு சிங்கம்.

“என்னண்ணே இது?”

“அக்கிண்ணே. ரெண்டாவது நாளு. சுந்தரம்மாகிட்ட எழுதிட்டு வாரேன்.”

“நர்ஸம்மா வந்து கேட்டாங்களே, சொன்னீங்களா?”

“அவுககிட்ட எதுக்குச் சொல்ல? சொன்னா மாத்திரையக் குடுப்பாக. சிங்கம் ஒடம்புல இருக்கையில மாத்திரை உள்ள போகக் கூடாதுல்ல. மூணு நாளு கழியட்டும், வேணும்னா போயிக்கிறலாம்.”

டீக்கடைக்காரர் பால்பாண்டி குறுக்கே விழுந்தார். “மாப்ள, சிங்கத்தோட போயி மூட்ட தூக்குனா ரெட்டக் கூலி கேளு.” கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். செய்தி கிடைத்த சந்தோஷத்தில் சின்னானை அப்படியே விட்டுவிட்டேன். அன்றைக்கே அவரைச் சுகாதார நிலையத்துக்கோ, அங்கே மாத்திரை இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போயிருக்க வேண்டும். இதை இந்த மேடையில் சொல்லாமல் இறங்கினால் நான் சொன்னது முழுச் செய்தி ஆகாது.

ஏன் அன்றைக்கே? இங்கேதான் கவனிக்க வேண்டும். அக்கிக்கு உரிய மாத்திரையை, கொப்புளம் கண்ட மூன்று நாளைக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் என்கிறார்கள் மருத்துவர்கள். நாம் காவி எழுதிக்கொண்டு காத்திருப்பது எத்தனை நாள்? அதே மூன்று நாள். எந்த மூன்று நாளில் மருந்து வேலை செய்யுமோ, அந்த மூன்று நாளை எண்ணி எண்ணிப் பத்திரமாகக் கழித்துவிட்டு, நாலாம் நாள் போய் நின்றிருக்கிறோம். சின்னான் போனது ஆறாம் நாள். கொப்புளம் ஆறியது, வலி ஆறவில்லை. நாலு மாதமாக இடது தோளில் மூட்டை வைக்க முடியாமல் வலது தோளிலேயே சுமக்கிறார். சின்னான், சரிதானே? “சரிதாண்ணே, இன்னும் எரியுது” என்று பின்னாலிருந்து குரல் வருகிறது.

அந்த ஐப்பசிக் கடைசியில் கனகாவும் நானும் சுந்தரம்மாள் வீட்டுக்குப் போனோம். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே, சட்டி பானை செய்கிற குடும்பம். காலையில் சூளை வேலை, சாயங்காலம் காவியால் உடம்பில் சிங்கம் வரைந்து அக்கி எழுதுவது. எழுதுவதற்குக் கூலி வாங்க மாட்டார். வருகிறவர் யாராக இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், ஆளுக்கொரு புதுக் கிண்ணத்தில் காவி குழைப்பார். ஒருவருக்குக் குழைத்த கிண்ணத்தில் இன்னொருவருக்குக் குழைக்க மாட்டார். வலி நின்றுவிட்டது என்று வந்து சொன்னால், அந்தக் கிண்ணத்தைக் கொல்லைச் சுவரோரம் கவிழ்த்து வைப்பார். இது அந்த வீட்டு வழக்கம்.

கனகா கொல்லைக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு விரல் நீட்டி எண்ணத் தொடங்கினார்.

“எதுக்குத்தா எண்ணுற? போலீசுல சொல்லவா?”

“இல்லக்கா. இதெல்லாம் எப்ப இருந்து?”

“ஆடிக்கு முன்னால உள்ளத ஒடைச்சு மண்ணுல சேத்துட்டேன். இது ஆடில இருந்து.”

“நாப்பத்தொண்ணு இருக்குக்கா. நான் மேல அனுப்புற தாள்ல பூஜ்யம்னு எழுதியிருக்கேன்.”

சுந்தரம்மாள் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். “அப்ப எங்கிட்ட வந்த இம்புட்டுப் பேரும் ஆவியாக்கும்?”

கனகா சிரிக்கவில்லை. ஓர் ஓரத்தில் ஒன்பது கிண்ணங்கள் மட்டும் கவிழ்க்காமல் நிமிர்ந்திருந்தன. உள்ளே காவி காய்ந்து வெடித்திருந்தது. “இது என்னக்கா?” என்றார்.

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. “அதுக வலி நிக்காதவுக. திரும்ப வருவாக, திரும்ப எழுதுவேன். அதுக்கும் நிக்காட்டி வரமாட்டாக. எங்க போறாக, என்ன ஆனாகன்னு எனக்குத் தெரியாதுத்தா. கவுக்க மனசு வரல.”

பெரியோர்களே, தாய்மார்களே, பன்னிரண்டு வாரங்கள் படிவம் தேடிய கணக்கு, ஒரு கொல்லைச் சுவரோரம் மண்ணாய் உட்கார்ந்திருந்தது. எத்தனை பேருக்கு அக்கி வந்தது? நாற்பத்தொரு பேருக்கு. எத்தனை பேருக்கு வலி நிற்கவில்லை? ஒன்பது பேருக்கு. அந்த ஒன்பதில் ஒன்று சின்னானின் கிண்ணம்.

மாத்திரை கூடாது என்று சொன்னது யார் என்று கேட்டேன். “நான் சொல்லல. என் மாமியா காலத்துல பத்தியம்னா உப்பும் புளியும்தான். இதுல மாத்திரைய யாரு சேத்தது?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

அன்றைக்கு அந்தக் கொல்லையில் ஓர் ஒப்பந்தம் உண்டானது. எழுதுவதை நிறுத்தச் சொல்லக் கூடாது என்றார் சுந்தரம்மாள். மருத்துவரைக் கேட்டுவந்து கனகா பதில் சொன்னார்: கொப்புளத்தின் மேல் காவி படக் கூடாது, சுற்றி எழுதலாம், முகத்தில் வேண்டவே வேண்டாம், எழுதிய அன்றைக்கே ஆளை அனுப்ப வேண்டும். “சரி, அனுப்புறேன். போகமாட்டேங்கிறவுகள என்ன செய்ய?” என்று சற்று யோசித்தவர், தானே ஒரு வாசகத்தைக் கண்டுபிடித்தார். இப்போது வருகிற ஒவ்வொருவரிடமும் அதைத்தான் சொல்கிறார்: “போயி மாத்திரையப் போடு. நான் எழுதுற சிங்கம் மாத்திரைக்குப் பயந்த சிங்கமில்ல.”

எத்தனையோ சுவரொட்டிகள் செய்யாததை இந்த ஒரு வரி செய்தது. நாற்பத்தேழு பேரில் முப்பத்துமூன்று பேர் மூன்று நாளைக்குள் வந்துவிட்டார்கள். எண் போனது, எண்ணைப் பார்த்து மருந்து வந்தது. எண்ணப்படாத வலிக்கு அலமாரியில் இடமில்லை. எண்ணப்பட்ட வலிக்கு இடம் கிடைத்தது.

தடுப்பூசி இருக்கிறதாமே என்று ஒரு தம்பி கேட்கிறார். இருக்கிறது தம்பி, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு. யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். மைக்கைப் பிடித்தவனிடம் கேட்காதீர்கள்.

இனி மூன்றாம் வரிசைக்கு வருகிறேன். மெஹருன்னிசா அவர்களுக்கு ஐம்பத்தாறு வயது. சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறவர். ஊசிக் காதில் நூல் கோக்கிற கண்ணே அவர் பிழைப்பு. பத்தொன்பது நாளுக்கு முன்னால், நெற்றியின் இடது பக்கம் எரிகிறது என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுந்தரம்மாள் வீட்டுக்குப் போனார். அது இரண்டாம் நாள். முகத்தில் கூடாது, கழுத்தோரம் ஒரு கோடாவது எழுதி அனுப்புவோம் என்று அந்த அம்மா புதுக் கிண்ணம் எடுத்து, காவி குழைத்து, முக்காட்டை விலக்கிப் பார்த்தார். மூக்கு நுனியில் இரண்டு கொப்புளம். மூக்கு நுனியில் கண்டால் கண்ணுக்கு ஆபத்து என்று கனகா சொல்லிவைத்திருந்தார். சுந்தரம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“மெஹரக்கா, நான் எழுதமாட்டேன். கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு.”

“ஊருக்கே எழுதுற. என் மூஞ்சின்னா மட்டும் ஒனக்குக் கை வரலையோ?”

“கண்ணு போனா காஜாவ ஒங்க வீட்டுப் பாய் எடுப்பாரா? எந்திரி.”

“அவரா? பட்டன் அறுந்தாகூட ஊக்குப் போட்டுக்கிட்டுத் திரியிற மனுசன்.”

அந்த வேதனையிலும் அப்படிச் சொன்னவர் இவர். அவர் கணவர் பாதுஷா அவர்கள் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார், மறுக்கவில்லை. காவிக் கையைக்கூடக் கழுவாமல் ஆட்டோவில் ஏறினார் சுந்தரம்மாள். ஒரு மணி நேரத்தில் கண் மருத்துவர் முன்னால் இருந்தார்கள். அந்தச் சாயங்காலமே மாத்திரை தொடங்கியது.

அந்த ஒப்பந்தத்துக்கு முன்னால் என்றால் என்ன நடந்திருக்கும்? எழுதியிருப்பார். இவரும் மூன்று நாள் கண்ணை மூடிக் காத்திருந்திருப்பார். யாரைக் குறை சொல்வோம்? ஒருவரையும் சொல்ல முடியாது. எல்லோரும் நல்லதைத்தான் நினைத்தார்கள். நல்லதை நினைத்தவர்கள் நடுவிலேயே ஒரு கண் போயிருக்கும்.

ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கனகா கதவைத் தட்டினால், ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். எரிந்தால் எரிகிறது என்று சொல்லுங்கள். சிங்கம் இருந்தால் சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். உங்கள் வலி ஒரு வரியாக ஏட்டில் ஏறினால், அடுத்த வீட்டுக்காரருக்கு மருந்து தயாராக இருக்கும். இதைவிடச் சுலபமான தர்மம் இந்த ஊரில் உண்டா?

முடிக்கிறேன். முடிவாகாதவை இரண்டு. நம் கணக்கைப் போலவே பக்கத்து வார்டுகளிலும் அக்கி எழுதுகிறவர்களைச் சேர்த்துக் கணக்கெடுக்க அனுமதி கேட்டு மனு போயிருக்கிறது. பங்குனி முதல் வாரத்தில் பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது, கண். நாற்பத்தேழு பேரில் ஐந்து பேருக்குக் கண்ணருகே வந்தது. நால்வருக்குப் பார்வை தப்பியதாக மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஐந்தாமவர் மெஹருன்னிசா. வீக்கம் வடிந்திருக்கிறது, பார்வை எவ்வளவு மீண்டது என்பதை வரும் வியாழன் காலை சோதித்துத்தான் சொல்வார்கள். முன்கூட்டியே நல்ல செய்தி சொல்ல எனக்கும் ஆசைதான். உறுதியாகாததைச் சொல்லிப் பழக்கமில்லை.

நேற்று அந்தக் கொல்லைக்குப் போயிருந்தேன். எழுதாமல் விட்ட அந்தக் கிண்ணம் சுவரோரம் நிமிர்ந்தே இருக்கிறது. குழைத்த காவி அப்படியே காய்ந்திருக்கிறது. எடுத்துவிடலாமே என்றேன். “எழுதாட்டி என்ன, அவுகளுக்குக் கொழைச்சதுதான? வியாழக்கெழம அவுகளே வந்து கவுக்கட்டும்” என்றார் சுந்தரம்மாள்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இடம் தந்த தலைவருக்கும், படியேறி ஓயாத கனகாவுக்கும், காவிக் கையோடு ஆட்டோ ஏறிய அந்தத் தாய்க்கும் நன்றி சொல்லி, வணங்கி அமர்கிறேன். வியாழக்கிழமை வரைக்கும் அந்தக் கிண்ணத்தின் மேல் உங்கள் நினைவு இருக்கட்டும்.